பூசை எத்தனை மணிக்கு?

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சாலைக்குக் காவி நிறம் வந்துவிடும். முத்துப்பேட்டைப் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறு சிறு கூட்டமாக நடந்து வருவார்கள். தோளில் துணிப்பை, ஒருவர் கையில் மாதா கொடி, காலில் செருப்பு இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-இல் பெருவிழா. எங்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்து அங்கே நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பல நாள் நடந்து அலுத்தவர்கள், வழியில் ஒரு கோயில் கோபுரத்தில் சிலுவையைக் கண்டால் வாசலில் நின்று கேட்பார்கள். “தண்ணி கிடைக்குமாங்க? ராத்திரிக்குப் படுத்துக்கலாமா? காலைல பூசை எத்தனை மணிக்கு?”

அன்று இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஒரே ஆள் இருந்தார்: உபதேசியார். மடித்துக் கட்டாத வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப் பையில் ஒரு துண்டு சாக்பீஸ். கோயிலைத் திறப்பவரும் அவர், மணியடிப்பவரும் அவர், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பவரும் அவர். சாமியார் கிளைக் கிராமத்துக்குப் போயிருந்தால் சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்பவரும் அவர்தான். யார் வந்து கேட்டாலும் முதல் வார்த்தை “வாங்க” என்பதுதான். விவரமெல்லாம் அதற்குப் பிறகு.

இன்று அதே சாலையில் நடந்து வருகிறவர்கள் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே கைப்பேசியைக் குனிந்து பார்க்கிறார்கள். கேள்வி மாறவில்லை. பதில் சொல்ல வேண்டிய ஆள்தான் மாறியிருக்கிறார். இப்போது வாசலில் நிற்பது கோயிலின் இணையதளம். அந்தப் பழைய உபதேசியாரைப் போல அது “வாங்க” என்கிறதா என்பதுதான் என் கவலை.

கரும்பலகை

கோயில் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் ஈரத்துணியால் அதைத் துடைத்து, காயும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து, பிறகு எழுதுவார். ஞாயிறு முதல் பூசை, இரண்டாம் பூசை, எந்தக் கிளைக் கிராமத்தில் என்று பூசை, யாருடைய ஆத்துமத்துக்காக, பாவசங்கீர்த்தனம் கேட்கும் நேரம். நாலைந்து வரிதான். ஐப்பசி மழையில் பாதி அழிந்து போகும்; ஞாயிறு காலையில் மறுபடி எழுதுவார். தப்பான நேரம் ஒரு வாரத்துக்கு மேல் அதில் நின்றதே இல்லை.

பலகைக்கு எட்டாதவர்களுக்கு மணி. முதல் மணி அடித்தால் குளிக்கப் போகலாம். இரண்டாம் மணிக்குக் கிளம்ப வேண்டும். திரிகால ஜெபத்துக்கு மூன்று வேளை மணி. விட்டுவிட்டு அடித்தால் துக்கம். நடவு வயலில் நின்ற பெண்களில் கிறிஸ்தவர்கள் நாலு பேர் என்றால் மற்றவர்கள் இருபது பேர். பன்னிரண்டு மணி அடித்ததும் எல்லோருமே கஞ்சிக்குக் கரையேறுவார்கள். ஜெபம் சொன்னவர்கள் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அதுதான் கடிகாரம்.

கல்யாணம் என்றால் ஓலை. பூசை முடியும் முன் சாமியார், இன்ன ஊர் இன்னாருடைய மகனுக்கும் இன்ன ஊர் இன்னாருடைய மகளுக்கும் மெய்விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார். ஊர் முழுக்கக் காது கொடுக்கும் அறிவிப்பு அது ஒன்றுதான். திருவிழா என்றால் மஞ்சளும் ரோஸுமாகப் பிட் நோட்டீஸ், சுவரில் போஸ்டர், மாட்டுவண்டியிலும் பிறகு ஆட்டோவிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்பதற்கு நடந்த சண்டைகளைத் தனியாக எழுத வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. ஊருக்குள் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும். வெளியூர்க்காரன் வாசலுக்கு வந்தால்தான் தெரியும். வந்தபோது உபதேசியார் இல்லையென்றால் அதுவும் இல்லை.

கடலுக்கு அப்பால் போன கடிதங்கள்

காவிரி டெல்டாவில் கோயிலும் அறிவிப்பும் சேர்ந்தே வளர்ந்தவை. 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலேவிலிருந்து வந்த அச்செழுத்துகளையும் லண்டனிலிருந்து வந்த அச்சுப் பொறியையும் வைத்துத் தமிழில் அச்சடித்தார். வந்த எழுத்துகள் அளவில் பெரிது, காகிதத்தை விழுங்கின. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதம் போதாமல் பொறையாறில் காகித ஆலையே வைத்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. எழுத்தின் அளவைக் குறைத்தால் பக்கம் இலேசாகும், அதிகம் பேருக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கை அவர்கள் அன்றே போட்டுவிட்டார்கள். இன்று வலைப்பக்கம் செய்கிறவர்கள் கிலோபைட்டில் போடுவது அதே கணக்குத்தான்.

அதைவிடச் சுவையான இன்னொரு காரியமும் செய்தார்கள். 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, வந்த பதில்களைச் சேர்த்தார்கள். 99 கடிதங்கள். ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நம்மாட்கள் தயங்கவில்லை: மாட்டைத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தமாக இருப்பதில்லை என்று எழுதிவிட்டார்கள். அதையும் அச்சிட்டார்கள் என்பதுதான் பெரிது. வெளியாள் நம்மை எப்படிப் பார்க்கிறான் என்று காது கொடுக்காமல் அவனை வரவேற்க முடியாது. இன்றைக்குக் கோயில் இணையதளம் செய்ய உட்காருகிறவர்களில் எத்தனை பேர் கோயிலுக்கு வராத பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார்கள்?

வரவேற்பு என்ற சொல்லை இந்த மண்ணில் இலேசாக எழுதிவிடவும் கூடாது. தரங்கம்பாடி, தஞ்சாவூர் மிஷன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் வேரோடியிருந்தது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், இனிக் கோயிலுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூர்ச் சபை இரண்டுபட்டது. சபையைப் பாட்டால் நிறைத்த வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்தை விடக் கூடாது என்ற தரப்பில் நின்றார். கதவு திறந்திருந்தது, உள்ளே போனவன் எங்கே உட்காருவது என்பதில்தான் வழக்கு. ஆகவே முகப்பில் கொட்டை எழுத்தில் ‘அனைவரும் வருக’ என்று போட்டுவிட்டால் வேலை முடியவில்லை. பாயில் இடம் இருக்க வேண்டும்.

லத்தீனிலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து தமிழுக்கு

என் பாட்டிக்குப் பூசை என்றால் லத்தீன். சாமியார் பீடத்தைப் பார்த்து முணுமுணுப்பார். இவர்கள் பின்னால் ஜெபமாலை உருட்டுவார்கள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்த பிறகுதான் தமிழ்ப் பூசை வந்தது. சாமியாரும் திரும்பி நின்றார். முதன்முதலாக முகம் பார்த்து “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்று கேட்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டி தலையைக் குனிந்துகொண்டாராம்.

பிறகு தமிழுக்குள்ளேயே இன்னொரு மாற்றம். பூசை திருப்பலியானது. ஞானஸ்நானம் திருமுழுக்கானது. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனமானது. நல்ல தமிழ்தான், ஆனால் பேச்சில் பழையதும் ஏட்டில் புதியதுமாக இரண்டும் ஓடுகின்றன. புதிதாக வருகிற இந்துக் குடும்பத்துக்கு இரண்டும் தெரியாது. “சர்ச்சுல கும்புடுற நேரம்” என்றுதான் கேட்பார்கள். இந்த மூன்று தமிழுக்கும் பதில் சொல்ல உபதேசியாருக்குத் தெரியும். ஆளைப் பார்த்துச் சொல்லை மாற்றுவார். வலைப்பக்கத்துக்கு ஆளைப் பார்க்கக் கண் இல்லை. எழுதுகிறவன்தான் முன்கூட்டி நினைத்து எழுத வேண்டும்.

வத்திக்கான் இணையத்துக்கு வந்தது 1995 கிறிஸ்துமஸ் சமயத்தில். அதன் கணினிகளுக்கு ரஃபேல், மிக்கேல், கபிரியேல் என்று மூன்று தூதர்களின் பெயர் வைத்தார்கள். தூதர்கள் வந்தாலும் தமிழ் எழுத்து வரவில்லை. நம் பக்கத்துக் கோயில்களின் திருவிழா நோட்டீஸெல்லாம் அப்போது டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதை அப்படியே எடுத்து வலையில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘திருவிழா’ என்ற சொல் ஜே, பி, யு, டி, பி, ஓ, ஹெச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். சிங்கப்பூரில் உட்கார்ந்து ஊர்த் திருவிழாத் தேதி பார்க்க வந்தவன் எந்த மொழி என்று தெரியாமல் மூடிவிட்டுப் போனான். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்று மலிவான கைப்பேசிகூடத் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது.

ஆனால் பழக்கம் போகவில்லை. இப்போதும் கோயில் தளங்களில் அறிவிப்பு எழுத்தாக வருவதில்லை, போஸ்டராக வருகிறது. பாமினியில் அடித்த ஃப்ளெக்ஸ் வடிவத்தைப் படமாக்கி அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் தேதியைத் தேடுபொறி படித்துச் சொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. பார்வையில்லாதவர் கைப்பேசியில் டாக்பேக் வைத்துக் கேட்டால் பெரும்பாலும் “படம்” என்று மட்டும் சொல்லும். வயதானவர் விரலால் பெரிதாக்கப் பார்த்தால் ஆயர் முகம் பெரிதாகிறது, நேரம் தெரிவதில்லை. நாலு வரி எழுத்து போதும் என்ற இடத்தில் அஞ்சு எம்பி படம். நாலு வரி போதும் என்பது சாக்பீஸில் எழுதிய மனிதருக்கு இருந்த தெளிவு.

வாசலில் இரண்டு ஞாயிறு

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பங்குக்கு இணையதளம் செய்யும் வேலையில் நானும் ஒட்டிக்கொண்டேன். ஏற்கெனவே ஒன்று இருந்தது. திறந்தால் ஆர்மோனியப் பாட்டு தானாக ஓடும். பூசை வேளையில் யாராவது திறந்துவிட்டால் கோயிலே திரும்பிப் பார்க்கும். முகப்பில் நாலு பெரியவர்களின் படம் மாறி மாறி நகரும். மூன்று ஆண்டுக்கு முந்தைய திருவிழாவுக்கு அழைப்பு. பூசை நேரம் ‘எங்களைப் பற்றி’ என்பதற்குள் போய், ‘வரலாறு’ என்பதற்குக் கீழே, கடைசிப் பத்தியில் இருந்தது. மாற்றலாம் என்றால் கடவுச்சொல் இல்லை. செய்து கொடுத்த பையன் துபாயில். டொமைனைப் புதுப்பிக்கும் நினைவூட்டல் போய்ச் சேருகிற மின்னஞ்சல் அவனுடைய கல்லூரி நாள் மின்னஞ்சல். அதை அவனே திறப்பதில்லை.

கரும்பலகை தப்பாக இருந்தால் யார் வேண்டுமானாலும் சாக்பீஸ் எடுக்கலாம். இங்கே சாக்பீஸ் துபாயில் இருந்தது. முதல் பாடம் அதுதான்: தளத்தின் சாவி ஒரு ஆளிடம் இருக்கக் கூடாது, பங்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். சாமியார்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகிறவர்கள். சாவிக்கொத்து ஒப்படைக்கும்போது இந்தச் சாவியும் சேர்ந்து கைமாற வேண்டும்.

புதிதாகச் செய்வதென்று முடிவானதும் எல்லோரும் நிறம், எழுத்துரு, முகப்புப் படம் என்று பேசினார்கள். பங்கில் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர், “வாசல்ல போய் உக்காருவோம். வர்றவங்க என்ன கேக்குறாங்கன்னு எழுதுவோம்” என்றார். இரண்டு ஞாயிறும் ஒரு சனிக்கிழமை நவநாளும் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம்.

முதலிடம் நேரத்துக்குத்தான். அடுத்தது வழி. மூன்றாவதை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை: “நாங்க இந்து, உள்ள வரலாமா?” எங்கள் ஊர்ப் பிறவி மருந்தீசுவரரைக் கும்பிடுகிற குடும்பமே ஜாம்புவானோடை தர்காவுக்கும் போகும், வேளாங்கண்ணிக்கும் போகும். ஆனால் உள்ளூர்ச் சின்னக் கோயிலின் படியில் கால் வைக்கத் தயங்கும். அங்கே கூட்டத்தோடு கூட்டம்; இங்கே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே! பிறகு வந்தவை: செருப்பை எங்கே விடுவது, முக்காடு போட வேண்டுமா, மெழுகுவர்த்தி எங்கே ஏற்றுவது, குழந்தைக்கு நன்மை (நற்கருணை) கொடுப்பார்களா, பாட்டியைச் சக்கர நாற்காலியில் கொண்டு வர முடியுமா, பாத்ரூம் எங்கே, சிங்கப்பூரில் வேலைக்குப் போகிற மகனுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் எப்படி வாங்குவது. வரலாறு கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் கல்லூரி மாணவர்.

அந்த நோட்டுத்தான் தளமானது. திறந்ததும் நேரம். ஞாயிறு, கிழமை நாள், கிளைக் கிராமங்கள், தனித்தனியாக, பெரிய எழுத்தில். அதற்கடியில் தொட்டால் அழைக்கிற தொலைபேசி எண். அதற்கடியில் ‘முதல் தடவை வருகிறீர்களா?’ என்று ஒரு பகுதி. செருப்பை இடப்பக்கப் பலகையில் விடலாம். பாயிலும் உட்காரலாம், பின்னால் நாற்காலியும் உண்டு. எந்த மதமானாலும் உள்ளே வந்து கும்பிடலாம். நற்கருணை கத்தோலிக்கர் வாங்குவது, அந்த நேரத்தில் மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்தக் கடைசி வரியை எழுத ஒரு மணி நேரம் ஆனது. கறாராகவும் தொனிக்கக் கூடாது, உண்மையையும் மறைக்கக் கூடாது.

சொற்களில் ஒரு சமரசம் செய்தோம். ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று போட்டு, அதே வரியில் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றும் எழுதினோம். திருப்பலி என்று போட்ட இடத்தில் பூசையும் வந்தது. சாமியாருக்கு முதலில் உடன்பாடில்லை. டீச்சர் அம்மா நோட்டைப் புரட்டிக் காட்டினார். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பூசை என்றுதான் கேட்டிருந்தார்கள். தேடுகிறவன் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுத்தானே தேடுவான்?

வழி சொல்வதில்தான் உண்மையான வம்பு. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி. வேளாங்கண்ணிப் பக்கம் திருப்பூண்டி என்று ஒன்று. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பூண்டி. 1999-இல் பசிலிக்காவாக உயர்ந்த பூண்டி மாதா கோயில் அங்கேதான் இருக்கிறது. ‘பூண்டி சர்ச்’ என்று தேடினால் வரைபடம் ஆளை நேரே தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் அனுப்பும். கார் எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் ஓலையைத் தவிர எல்லாவற்றையும் தவறவிட்டது. ஆங்கிலத்திலோ ஊர்ப் பெயரை ரயில் நிலையப் பலகை ஒரு விதமாக எழுதும், பேருந்து இன்னொரு விதமாக எழுதும். எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்தோம். கைப்பேசி வரைபடத்தில் கோயில் குறி இரண்டு தெரு தள்ளி ஒரு அரிசி ஆலை மேல் குத்தியிருந்தது, அதை நகர்த்தினோம். கூடவே உபதேசியார் சொல்கிற மாதிரியே ஒரு வரி: பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஆட்டோக்காரரிடம் என்ன பெயர் சொன்னால் தெரியும். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகம் நன்றி வந்தது.

சர்டிபிகேட்டுக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்பதையும் போட்டோம்: பெயர், பெற்றோர் பெயர், எந்தக் கிளைக் கிராமம், ஏறக்குறைய எந்த வருடம், ஞானத்தகப்பன் ஞானத்தாய் பெயர். வருடம் தெரியாவிட்டால் பழைய பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். முன்பு ஒரு சான்றுக்காக லீவு போட்டு, ரயிலேறி வந்து, சாமியார் கிராமத்துக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்பினவர்கள் உண்டு. இன்று விவரத்தை அனுப்பிவிட்டு, தயாரானதும் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். மாற்றத்தில் எனக்கு முழு மனதோடு பிடித்தது இதுதான்.

உண்டியலும் படமும்

அன்று காணிக்கை என்றால் உண்டியலில் விழுகிற சில்லறை, முதல் நெல், கோழி, ஆட்டுக்குட்டி. வேளாங்கண்ணிக் காணிக்கைப் பொருட்காட்சியில் பார்த்தால் தெரியும்: வெள்ளிக் கால், கை, வீடு, கப்பல், கூடவே நன்றி சொல்லி எழுதிய கடிதங்கள். இன்று க்யூஆர் அட்டை. வசதிதான். ஆனால் தளத்தில் ‘நன்கொடை’ பொத்தான் வைப்பதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருகிற பணம், அவர் நம்மூர்க்காரராகவே இருந்தாலும், வெளிநாட்டு நிதி. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புத்தான் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு குவைத்தில் உழைக்கிறவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. இரண்டையும் ஒரே க்யூஆருக்குள் கலந்துவிட்டால் வம்பு. நாங்கள் பொத்தானே வைக்கவில்லை. ‘காணிக்கை குறித்துப் பங்கு அலுவலகத்தை அழையுங்கள்’ என்று எழுதினோம். வரவேற்பறையில் கையேந்தி நிற்பது போல இல்லாமலும் போயிற்று.

படங்களிலும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். புதுநன்மை வாங்குகிற பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் நிற்கும் படம் அழகுதான். பெயரையும் பள்ளியையும் சேர்த்துப் போட வேண்டியதில்லை. பெற்றோரிடம் கேட்காமல் முகத்தையும் போடக் கூடாது. மன்றாட்டு எழுதி அனுப்புகிறவர்கள் நோயையும் கடனையும் குடும்பச் சண்டையையும் எழுதுவார்கள். அது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குச் சமம். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அது வரவே கூடாது. வந்தவர்களின் தனி விவரத்தைக் காக்கச் சொல்லி 2023-இல் சட்டமும் வந்துவிட்டது. உபதேசியாருக்கு அந்தச் சட்டம் தெரியாது. வாயைத் திறக்க மாட்டார், அவ்வளவுதான்.

மின்சாரம் போன நாளும் கூட்டம் கூடாத நாளும்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. தென்னை முறிந்தது, கம்பம் முறிந்தது, கைப்பேசிக் கோபுரம் செத்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எந்த இணையதளமும் எந்த வாட்ஸ்அப்பும் ஒரு வாய் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. மோட்டார் வைத்த மணிகள்கூட ஊமையாகிவிட்டன. கயிறு கட்டிய மணிதான் பேசியது. மணி கேட்ட இடத்துக்கு எல்லாச் சாதியும் எல்லா மதமும் வந்து கோயில் தாழ்வாரத்தில் படுத்தார்கள்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் நேர் எதிர். 2020-இல் ஊரடங்கு. மணி இருந்தது, வரத்தான் ஆள் கூடாது. ஏப்ரல் 12, ஈஸ்டர். ஆளில்லாக் கோயிலில் சாமியார் ஒரு கைப்பேசியைப் பார்த்துப் பூசை வைத்தார். அந்த வருடம் வேளாங்கண்ணிக் கொடியேற்றமும் பக்தர் கூட்டமில்லாமல் நடந்தது. டிவியிலும் யூடியூபிலும் மக்கள் பார்த்துக் கும்பிட்டார்கள். கட்டிலைவிட்டு எழ முடியாதவர்களுக்கு நேரலை அன்று கிடைத்த வரம், இன்றும் நீடிக்கிறது. இரண்டு கஷ்டமும் சொன்னது ஒன்றுதான்: ஒரே வாசல் போதாது. கயிறும் வேண்டும், கம்பியும் வேண்டும்.

வாட்ஸ்அப் வந்த பிறகு தளம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்ததும் ஒவ்வொரு அன்பியத்துக்கும் (பங்குக் குடும்பங்களின் சிறு கூட்டத்துக்கும்) ஒரு வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. அறிவிப்பு அதில்தான் போகிறது, நூறு குட்மார்னிங் பூக்களுக்கு நடுவில். ஆனால் அது வீட்டுக்குள் பேசிக்கொள்வது. குழுவில் இருப்பவனுக்கு ஏற்கெனவே நேரம் தெரியும். தெரியாதவன் குழுவில் இல்லை. தெருவிலிருந்து வருகிறவனுக்கு வாசல் வேண்டாமா?

பூட்டிய கேட்

எங்கள் தளம் வெளிவந்த அந்த ஆவணியில் ஒரு வரி சேர்த்திருந்தோம்: பாதயாத்திரை வருகிறவர்கள் இரவு மண்டபத்தில் தங்கலாம். எழுதினவர்களுக்கு நிறைந்த மனசு. ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே இருந்த காவல்காரர், யாரும் எனக்குச் சொல்லலையே என்று திறக்க மறுத்தார். அவர் சொன்னது நியாயம்தான். வந்தவர்களில் ஒரு பெண் கம்பி வழியாகக் கைப்பேசியை நீட்டி, எங்கள் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். காவல்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வரவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்தார்.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு காவல்காரரிடம் போனோம். தளத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் டீச்சர் அம்மா வாசித்துக் காட்டினார். “எட்டு மணிக்கு மேல முன் கேட் பூட்டிருவேன், அதை எழுதல நீங்க,” என்றார் அவர். “பம்பு ராத்திரில ஓடாது. தண்ணி தொட்டியில இருக்கும், குடம் பக்கத்துல. அதையும் எழுதுங்க.” எழுதினோம். மண்டபத்தில் பாய் எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொன்னார், அதையும் எழுதினோம். அன்றிலிருந்து எந்த வரியும் அவர் காதில் விழாமல் ஏறுவதில்லை.

கடைசியாக அவரே ஒரு வரி சொன்னார். சாமியார் திருத்தவில்லை, டீச்சர் அம்மாவும் இலக்கணம் பார்க்கவில்லை. இப்போதும் ஆவணியில் பக்கத்தைத் திறந்தால் நேரத்துக்கு அடுத்து அதுதான் நிற்கிறது: ‘வாசல் வெளக்கு எரியும். பூட்டியிருந்தா சத்தம் குடுங்க, வர்றேன்.’